வானொலியில் வந்த அப்பாவின் பெயர்

முனிர்கா, டெல்லி
12.11.1981

அன்புள்ள அப்பாவுக்கு, ஜோதிலிங்கம் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே வானொலியில் ஞாயிறு மதியம் பெரியவர்களுக்காக மெல்லிசை வைக்கிறார்கள். அறுபது தாண்டியவர்கள் எழுதிக் கேட்டால்தான் போடுவார்கள். உங்களுக்குப் பிடித்த வீணைக்காக, உங்கள் பெயரில் என் அறை முகவரியிலிருந்து ஒரு கார்டு போட்டேன். போன ஞாயிறு, "முனிர்காவிலிருந்து மாணிக்கவாசகம், வயது அறுபத்து நான்கு" என்று வாசித்தே விட்டார்கள்!

கீழே இருக்கும் வீட்டுக்காரக் கிழவர் சௌத்ரிக்கு உங்கள் பெயர் தெரியும்; அதை வானொலியில் கேட்டுவிட்டு, இரண்டு டம்ளர் பாலோடு மாடியேறி வந்தார்.

"அச்சா! பிதாஜி வந்தாச்சா? சொல்லவே இல்லையே, பேட்டா!"

இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "நடக்கப் போயிருக்கார்" என்றேன். இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன். அவரும் தனி ஆள்தான்; தினமும் சாயங்காலம் சீட்டுக்கட்டோடு வந்து உங்களை விசாரிக்கிறார்.

நார்த்தங்காய் ஊறுகாய் வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், கையில் கொண்டுவாருங்கள். குளிர் ஆரம்பித்துவிட்டது, சால்வையை மறக்காதீர்கள்.

ஆபீசுக்கு நேரமாகிறது. அப்பா, அந்த முழங்காலோடு நான்கு நாளாக நடந்துகொண்டிருக்கிறீர்கள். போதும், வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் மகன்,
ஜோதிலிங்கம்