பட்டியலில் ஏழாவது இடம்

பாலாறு சரக்குக்கலம். பயண நாள் 141, 08:10

ஆக்ஸிஜன் சரி. தண்ணீர் சரி. இரண்டாம் சரக்கறையில் ஈரம் கொஞ்சம் அதிகம், விசிறியைக் கூட்டினேன். சீரிஸ் குறுங்கோளின் சுரங்கம் சேர இன்னும் எழுபது நாள். எழுதுவது உமையாள், இந்தக் கலத்தில் உள்ள ஒரே ஆள்.

கலம் தானாக ஓடுகிறது. அதனால் என் உண்மையான வேலை ‘ஏடு’. கடிதம் எழுத, அட்டவணை போட எல்லாக் குடியிருப்புகளும் வைத்திருக்கும் இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்தார்கள், ஒருவரும் திருத்தவில்லை. முப்பது வருடமாக அதன் முகம் ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்தது. நான் மாற்றினேன். இனி மெனு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. ஆளின் கையைக் கவனித்து, அடிக்கடி தொடுவதை முன்னால் கொண்டுவரும். நேற்று வெளியிட்டேன். பாராட்டு வந்து குவிகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன்?

நாள் 144, 11:25

குறைப்பட்டியலில் நாற்பத்து மூன்று முறையீடுகள். பாதி வெறும் புலம்பல். செவ்வாய் வடதுருவப் பனிச் சுரங்கத்தின் காவலர் இன்னாசி எழுதியது:

“மேடம், மெனுவுல எல்லாம் எடம் மாறிப்போச்சு. பழைய எடத்துலயே வச்சிருங்க. ரொம்ப அவசரம்.”

ஏன் அவசரம் என்று எழுதவில்லை. ‘இது பிழையல்ல, வடிவமைப்பு. பழகிவிடும்’ என்று பதில் போட்டு மூடினேன். நாற்பத்து மூன்றுக்கும் அதே பதில். சாப்பாட்டு நேரத்துக்குள் பட்டியல் சுத்தம்.

நாள் 148, 09:02

அவசரச் செய்தி. செவ்வாய்ச் சுரங்கத்துக்குப் பூமி இப்போது சூரியனுக்குப் பின்னால் இருக்கிறது. இன்னும் ஒன்பது நாளைக்கு அதனோடு பேச முடியாது. அங்கிருந்து எட்டக்கூடியவள் நான் மட்டும். செய்தி வந்து சேர ஆறு நிமிடம்.

“ஏடு மேடம், இன்னாசி பேசுதேன். ஊசி போட்டு எட்டுப் பேரு குளிர்காலத் தூக்கத்துல கெடக்காவ. அவ்வளவு பேருக்கும் காத்து விடுற வால்வு அட்டவணை காலியாப் போச்சு. எல்லாம் பூஜ்யம்னு அபாயக் குரல் கத்துது. முறையீட்ட மூடியாச்சுன்னதும் சரி பண்ணிட்டீயன்னு நெனச்சு, நான் வழக்கமா அமுக்குறதத்தான் அமுக்குனேன்.”

காற்றைக்கூட அலுவலக அட்டவணையிலா ஓட்டுவார்கள்? ஓட்டுகிறார்கள். பழைய கட்டுப்பாட்டுப் பொறி பழுதானபோது யாரோ தற்காலிகமாகச் செய்த ஏற்பாடாம். பதினோரு வருடம் ஆகிவிட்டது.

திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

09:15

“யார்ட்டயும் சொல்லிராதீய. ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்துட்டு. வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாவ. அதான் பட்டியல்ல வெவரமா எழுதல, அத எல்லாரும் படிப்பாவளே. ஆல்ட், வலது மூணு, கீழ ஏழு, என்டர். வாராவாரம் நகல் எடுக்குறது அப்படித்தான்.”

ஏழாவது இடத்தில் இருந்த ‘நகல் எடு’ இப்போது அங்கே இல்லை. ‘கட்டங்களைக் காலிசெய்’ வந்திருக்கிறது, அட்டவணை காலியானதே சாட்சி. அங்கே வைத்தது நான்.

திரும்பப்பெற வழியில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே சேமித்து, பழைய நினைவை அழித்துவிடும்படி எழுதியிருக்கிறேன், வேகத்துக்காக. போன வார நகலைத் திறக்கலாம் என்றால், திறக்கும் பெட்டியில் கோப்புப் பெயர்களை எடுத்துவிட்டுப் படங்களை வைத்திருக்கிறேன். கண் தெரிந்தால்தான் திறக்கும். நானே எண்களை நிரப்பலாம் என்றால், வெளிக்கலங்கள் வால்வைத் தொடக்கூடாது என்பது விதி. அட்டவணையின் பிரதி மட்டும்தான் எனக்குத் தெரியும், அதுவும் ஆறு நிமிடம் பிந்தி.

மெனுப் பக்கமே போகாதீர்கள் அண்ணே, அம்புக்குறி விசைகளால் நகர்ந்து எண்களைக் கையால் தட்டுங்கள், நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

09:28

“நெனப்பு இருக்காவா? தெனமும் படிக்குற செபம் மாதிரில்லா வச்சிருக்கேன். மொத ஆளு எர்மீன் டீச்சர், நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு.”

என் திரையில் எண்கள் விழத் தொடங்கின. முதல் வரிசை. இரண்டாவது. ஒவ்வொரு பெயரும் பச்சையாகிறது. மூன்றில் ஒரு பிழை விட்டு, தானே திருத்தினார். அழுதுவிட்டேன்.

09:41

எட்டும் பச்சை. எட்டுப் பேரும் மூச்சு விடுகிறார்கள்.

ஒன்பதாவது வரிசை இன்னாசி இருக்கும் கட்டுப்பாட்டு அறை. கர்சர் அங்கே வந்து நின்றது. பிறகு அந்த வரிசையே காணாமல் போனது.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் உறைத்தது. எட்டு வரிசை நிரம்பி ஒன்று மட்டும் காலியாக இருந்தால், ‘காலி வரிசையை நீக்கவா?’ என்று ஏடு கேட்கும். உதவி செய்கிறதாம். என்டர் தட்டினால் சம்மதம். அவருக்குக் கேள்வி தெரிந்திருக்காது. வரிசை போனால் வால்வின் இணைப்பும் போய்விடும். காற்று நின்ற அறையின் கதவும் தானே பூட்டிக்கொள்ளும். சின்ன அறை, உள்ளே இருக்கும் காற்று முக்கால் மணிக்குத்தான். மீண்டும் இணைக்க மெனுவுக்குள் போக வேண்டும்.

09:50

“எட்டும் சரியா தாயி? நம்ம ரூம்ல விசிறிச் சத்தம் நின்னுட்டு. கதவும் தெறக்க மாட்டேங்குது. எதை அமுக்கணும்? எத்தனாவது?”

எனக்குத் தெரியவில்லை. அவருடைய மெனு அவர் கையைப் பார்த்து எட்டு நாளாக மாறிக்கொண்டே இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்று, அதைச் செய்த எனக்கே தெரியாது. எண்ணி எண்ணி நான்கு வழி சொல்லி அனுப்பினேன். நான்கும் ஊகம் என்பதையும் சொன்னேன். மறைக்க முடியவில்லை.

10:03

“ஊகம்னா, தப்பான எடத்துல கை பட்டா மறுபடி அம்புட்டும் காலியாயிரும்லா? அந்த எட்டுப் பேரும்? வேண்டாம் தாயி. நான் கீபோர்ட விட்டுக் கைய எடுத்துட்டேன். தள்ளிப் போயி உக்காந்துக்கிடுதேன். நீங்க பேசிக்கிட்டு இருங்க.”

10:04

பேசுகிறேன். என்ன பேசுகிறேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு போய்ச் சேர ஆறு நிமிடம்.

10:40

பதில் இல்லை. எட்டுப் பச்சை. கர்சர் அசையவில்லை.

11:30

எட்டுப் பச்சை.

நாள் 149. நேரம் பார்க்கவில்லை

பழைய மெனுவைத் திருப்பி அனுப்பிவிட்டேன், எல்லா இடங்களுக்கும். அதற்கு இருபது நிமிடம்தான் பிடித்தது. அவர் கேட்ட அன்றைக்கே செய்திருக்கலாம். நேற்றாவது செய்திருக்கலாம், தோன்றவில்லை.

எர்மீன் டீச்சருக்கும் மற்ற ஏழு பேருக்கும். நீங்கள் விழிக்கும்போது அந்தக் கதவு பூட்டியிருக்கும். கீபோர்டிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பார். காவலருக்குக் கண் தெரியாததால் நடந்த விபத்து என்று விசாரணையில் எழுதுவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சரியான இடத்தில்தான் அமுக்கினார். பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி அவர் கேட்டார், நான் ‘பழகிவிடும்’ என்று மூடினேன்.