குச்சி செய்த வேலை

மார்ச் 4
ஆய்வகத்தில் அடுத்த மேசைக்காரியின் குடுவையில் இன்றும் ஒன்றும் நடக்கவில்லை. என் வினையூக்கிப் பொடிதான், அதே அளவு, அதே சூடு. எனக்குத் தொண்ணூற்று நான்கு சதவீதம் விளைச்சல், அவளுக்குப் பூஜ்ஜியம். "ஒழுங்கா எடை போட்டியா?" என்று எரிந்து விழுந்தேன். "நீங்களே வந்து போட்டுப் பாருங்க" என்றாள். திமிர்.

மார்ச் 6
போட்டுப் பார்த்தேன். அவள் மேசையில் எனக்கும் பூஜ்ஜியம்.

மார்ச் 7
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

வினை முடிந்ததும் குடுவைக்கு வெளியே காந்தத்தை வைத்தால் என் வினையூக்கியான இரும்புப் பொடி ஒரு பக்கம் ஒதுங்கும். கரைசலை ஊற்றிவிட்டு அதே பொடியை மறுபடி பயன்படுத்தலாம். விலையுயர்ந்த பல்லேடியம் உலோகம் வேண்டாம், கழிவு குறைவு — எங்கள் கட்டுரையின் பெருமையே இதுதான். ஆனால் கலக்குவதற்காக உள்ளே சுழலும் வெள்ளைக் குச்சியும் காந்தம்தானே? பொடி அதில் அப்பிக்கொள்ளும். அதனால் நான் குச்சியை வெளியே எடுப்பதே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அதே குச்சி — எனக்கு முன் அந்த மேசையில் பல்லேடியத்தோடு மாரடித்தவர் விட்டுப்போனது, கறுப்புக் கறையோடு. அவளுடையது புத்தம் புதிது.

இன்று அந்தக் குச்சியை நன்றாகக் கழுவி, பொடியே போடாமல் சுழலவிட்டேன். தொண்ணூறு! இத்தனை நாளும் வேலை செய்தது என் இரும்பு அல்ல, அந்தப் பல்லேடியக் கறை.

மார்ச் 8
என் ஆராய்ச்சிக் கைடிடம் சொன்னேன். தலையே நிமிரவில்லை. "எந்தக் குச்சின்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா. கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க, அச்சுக்குப் போகுது. சும்மா இரு."

எங்கோ ஒருத்தி இதைப் படித்து, புதுக் குச்சியைப் போட்டு, தன் கைதான் சரியில்லை என்று அழுவாளே? சும்மா இருக்கணுமாம்! முதல் பெயர் என்னுடையது. என் பட்டமும் இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கு.

மார்ச் 9
அக்காவிடம் போனில் கத்தினேன். "என்கிட்ட கத்துறதுல பாதியாவது அந்த மனுஷன்கிட்ட கத்தினியா?" என்றாள்.

இல்லை.

மார்ச் 11
கத்தினேன். பிறகு நானே பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையை நிறுத்தச் சொன்னேன். கைடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த மேசைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு டீ வாங்கிக் குடுங்க, போதும்" என்றாள்.

ஜூன் 20
கருத்தரங்கு. என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கிறது, மேடையில் கைடு. திரையில் பெரிதாக என் கறைபிடித்த குச்சி. "பழைய குச்சி நம்மள ஏமாத்தும்னு முதல்ல எனக்குத்தான் சந்தேகம் வந்தது. ஆராய்ச்சிக்கு நேர்மைதான் முக்கியம்" என்றார். என் பெயரைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. மண்டபமே கைதட்டியது.

நானும் தட்டித் தொலைத்தேன். அடுத்த மேசைக்காரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.