அப்பாவுக்குத் தெரியாத கசிவு

மயிலாப்பூர்,
6-3-1999

அன்புள்ள புகழேந்திக்கு,

நீ உன் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டாய். நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன், அதில் குறை வைக்கவில்லை. நான் சுகம். உன் தங்கை வைதேகிக்கு ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். அப்பாவும் சுகம் என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

அவர் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்று தெரிந்தபோது, வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தொடை வழியாகவே உள்ளே துணிக்குழாய் வைக்கும் புது முறை வந்திருக்கிறது என்று நீதான் சொன்னாய், ஆஸ்பத்திரியும் நீதான் பார்த்தாய். நல்லதுக்குத்தான் செய்தாய். சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார். அதே வியாதிக்கு அவர் சிநேகிதர் ராயப்பேட்டை அன்வர் பாஷா வயிற்றை நெடுகத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார், பக்கத்துக் கட்டில்காரர் பிழைக்கவே இல்லை. அதனால் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தழும்பைக் காட்டுகிறார், "பாய், உன்னுது தையல் மிசின் ஓட்டுன மேரி கீது, என்னுது கொசு கட்ச்ச மேரி கீது பாரு" என்று அன்வர் பாஷாவையே கிண்டல் செய்தார். அவரும் விடாமல், "எனக்கு அறுத்தாங்க, முடிஞ்சிச்சு. நீ சாவுற வரைக்கும் ஸ்கேன் படம் எட்துக்கினே இருக்கணுமே நைனா" என்றார்.

பங்குனித் திருவிழாவில் மறுபடி பல்லக்குத் தூக்கப் போகிறாராம். போன வருஷம் படுத்திருந்தபோது முன் தண்டு வேறு ஒருவர் தோளுக்குப் போனது அவருக்கு ஆறவில்லை. தூக்கலாமா என்று கேட்கத்தான் அவருக்குத் தெரியாமல் டாக்டர் மதுவந்தியிடம் போனேன். அந்தப் பெண் திகைத்துவிட்டது. "குழாய் ஓரமா ரத்தம் கசியுதும்மா, வீக்கம் சுருங்கல, பெரிசாயிருக்கு. பொங்கலுக்கு ஸ்கேன் எடுத்தப்பவே உங்க பையன்கிட்ட போன்ல சொன்னேனே, அப்பா பயந்துடுவார், அம்மாகிட்டயும் சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்னாரே" என்றது. இன்னொரு துண்டுக் குழாய் வைத்துக் கசிவை அடைத்துப் பார்க்கலாமாம், அடைபடாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டியதுதானாம். அதுவரை பாரம் தூக்கவே கூடாதாம். வெடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இருக்காதாம்.

நோயாளி மயிலாப்பூரில் இருக்கிறார், சேதி நியூஜெர்சிக்குப் போகிறது. அவருக்குக் கஞ்சி வைத்து, மாத்திரை கொடுத்து, கால் பிடித்துவிடுகிறவள் எட்டாவது படித்தவள், அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலீஷ் தெரிந்த இரண்டு பேர் பேசி முடித்துக்கொண்டால் போதும். நம் வீட்டு வழக்கமே இதுதான். உன் பெரியப்பாவுக்குப் புற்று என்று தெருவுக்கே தெரியும், அவருக்குத் தெரியாது, கடைசி வரை அல்சர் மாத்திரை என்று கேட்டு வாங்கி விழுங்கினார். அப்போது எங்களிடம் கோபப்பட்டுச் சாப்பிடாமல் படுத்தவன் நீ.

நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கிறார். "இன்னாமே, என் புள்ள மலையவே தூக்கலாம்னு சொல்லிக்கீறான், நீ இன்னா பெரிய டாக்டரா" என்கிறார். அடுத்த ஸ்கேனுக்கும் வர மாட்டேன் என்கிறார். அவருக்கு உன் வாய்ச்சொல்தான் வேதம். நீ போன் செய்யும்போது அவர் பக்கத்திலேயே நிற்கிறார், நான் எதைக் கேட்பது? டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டேன், மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

அங்கே குளிர் விடவில்லை என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகளிடம் குரலை உயர்த்தாதே. நீங்கள் இரண்டு பேரும் நிறைவாக வாழ வேண்டும். கொடியேறும் நாள் நெருங்குகிறது, பல்லக்கு ஆட்கள் அவருக்குத் துண்டும் வேட்டியும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கூப்பிடு. நான் போனை எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார். சுகமா என்று கேட்பதற்கு முன்னால் கசிவு இருப்பதைச் சொல்.

உன் அம்மா,
முனியம்மாள்