இரண்டாம் பிரிவில் முதலிடம்

ஒக்டோபர், ஞாயிறு இரவு

இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தும் நாங்கள் முதற்பிரிவுக்குப் போகப்போவதில்லை. இன்று கால்பந்து லீக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

லீக் தொடங்கியபோது ஒரே பிரிவுதான். பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். கீழே வெல்லும் அணி மேலே வரும் என்றார்கள். அதை நம்பித்தான் இந்தப் பெண்கள் அணிக்கு இத்தனை வருடம் பயிற்சி கொடுத்தேன். இனி ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லையாம். மேலே இருக்கிற கழகங்களுக்குக் கீழே விழப் பயம். அவர்களே வாக்களித்து முடித்துவிட்டார்கள்.

அங்கிருந்து நேரே மோர்னிங்சைட் மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருத்தியும் கத்தவில்லை. கோல்கீப்பர் தாரணி மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எங்களோடு முதற்பிரிவில் விளையாடவேண்டுமென்று, தூரத்துக் கல்கரியில் கிடைத்த வேலையை வேண்டாமென்றவள்.

"அப்ப நாங்கள் ஏனக்கா வெண்டனாங்கள்?"

நான் பந்துப் பையின் வாயைக் கட்டினேன்.

"அப்பீல் பண்ணேலாதோ?"

"ஏலாது பிள்ளை. எல்லாம் முடிஞ்சுது."

நான் காரில் ஏறும்போது பின்னால் வந்தாள். "செவ்வாய்க்கிழமை பிராக்டிஸ் இருக்கோ?"

"ஓம்" என்றேன்.

எதற்காக என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.