கண்டாக்கையா பேரில் இருக்கும் நம்பர்

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் போன் நம்பரைக் கம்பனி திருடுகிறது. பெரிய கம்பனி சின்னக் கம்பனியை வாங்கிவிட்டது. பழைய நம்பர்களை மறுபடி பதிய வேண்டுமாம், இல்லாவிட்டால் வியாழனோடு வெட்டிவிடுவார்களாம். அறிவித்தல் இங்கிலீஷில் வந்திருக்கிறது. அப்பா விளம்பரம் என்று நினைத்து அழித்திருக்கிறார்.

இன்று அவரோடு தலவாக்கலை டவுனில் இருக்கும் கம்பனி ஆபீசுக்குப் போனேன். அந்த நம்பர் எடுத்தபோது அப்பாவுக்கு அடையாள அட்டை இல்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த கண்டாக்கையா தன் அட்டையில் எடுத்துக் கொடுத்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதி நம்பர் அவர் பேரில்தான் இருக்கிறது.

"பேருக்கு உரியவர் நேர்ல வரணும்," என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"அவரு செத்து மூணு வருசமாச்சுங்க," என்றார் அப்பா.

"அப்ப அவரோட குடும்பத்து ஆளுங்க வரணும்."

"அவங்க கனடா போயிட்டாங்க. பொணத்தத் தோண்டிக் கொண்டாரவா?" என்றேன். அப்பா என் கையைக் கிள்ளினார்.

"புது நம்பர் எடுங்க தம்பி. டேட்டா நெறைய குடுக்குறோம்."

அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அவருடைய போனை அந்த வீட்டு மேடம் பிடுங்கி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் மேடத்தின் போனிலிருந்து பத்து நிமிடம் பேசுவார். அந்த நம்பர் எங்கள் போன் திரையில் விழாது, திருப்பிக் கூப்பிட முடியாது. அம்மா மனப்பாடமாக வைத்திருப்பது இந்த ஒரு நம்பரைத்தான். புது நம்பரை அவருக்கு யார் போய்ச் சொல்வது? அம்மாவை அனுப்பிய ஏஜன்சிக்காரன் போனே எடுப்பதில்லை.

"வெள்ளிக்கிழமை ஒருநா மட்டும் வெட்டாம வைங்க. எங்கம்மா கூப்பிடும்," என்றேன்.

கவுண்டரில் இருந்தவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.