குறுக்கே கோடு போட்ட இயற்பியல் பக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை, நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் உன் முதுகுவலி விட்டுவிட்டது என்பதையும் நீ வேலையில் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாய் என்பதையும் எனக்கு உன் சித்தப்பன்தான் சொன்னான், அதுவும் தெருமுனையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜை வண்டியில் ஏற்றிக்கொண்டே. பெரிசு உங்ககிட்ட சொல்லலையா அண்ணே என்று கேட்டான். சொன்னாளே என்று பொய் சொன்னேன். பெற்றவன் நான், செய்தி அவன் வழியாக வருகிறது. அது கிடக்கட்டும். உன் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது தூசி நன்றாகத் தெரிகிறது என்று நாள் முழுக்க வீட்டைத் துடைக்கிறாள். அச்சகத்தில் என்னிடம் பிழை திருத்தும் வேலை கற்றவன்தான் இப்போது எனக்கு மேலே. சார் நீங்க பார்த்துட்டா நான் கண்ண மூடிக்கிட்டு அனுப்பிடுவேன் என்கிறான். கண்ணை மூடிக்கொள்ளத்தான் அவனுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள்.

நான் எழுத வந்தது சின்னவளைப் பற்றி. அவள் உன்னிடம் சொல்லியிருக்கலாம், அல்லது சித்தப்பன் சொல்லியிருக்கலாம், ஆனாலும் என் வாயாலும் நீ கேட்க வேண்டும். இந்த வருடம் அவள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்றோம் என்று சொந்தமாக ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்றார்கள். வகுப்புக்கு ஒருவரைப் பெற்றோர் முன்னால் வாசிக்கவும் வைப்பார்கள். இவள் வகுப்பில் இவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. வாசிப்பதற்கு முன் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள், பிழை பார்த்துக் குடுங்கப்பா என்று. நம் வீட்டில் மளிகைச் சீட்டுகூட என் சிவப்புப் பேனாவைத் தாண்டாமல் வெளியே போனதில்லை என்பது உனக்குத் தெரியும்.

வாசித்தேன். நன்றாகவே எழுதியிருந்தாள், அதுதான் வயிற்றெரிச்சல். இயற்பியலுக்கு முழுதாக ஒரு பக்கம், அந்தப் பக்கம் முழுக்க உன் சித்தப்பன். ஒரு நாள் அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தாளாம், ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஏன் சுடுகிறது என்று கேட்டாளாம். அதற்கு அவன், குளிர்னு தனியா ஒண்ணும் கிடையாது பாப்பா, உள்ள இருக்கிற சூட்ட அள்ளி வெளிய கொட்டுறோம், அவ்வளவுதான் நம்ம பொழப்பு என்றானாம். அன்றிலிருந்து எந்தப் பாடத்தில் எது காணாமல் போனாலும் அது எங்கே போயிற்று என்று தேடப் பழகிவிட்டாளாம். கணக்கில் சமன்குறிக்கு இந்தப் பக்கம் மறைந்த எண் அந்தப் பக்கம் வேறு குறியோடு நிற்கிறது, வேதியியலில் எரிந்து போன தாள் புகையிலும் சாம்பலிலும் இருக்கிறது, வரலாற்றில் ஒரு ஊரைக் காலி செய்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அந்த ஊர் ஜனங்கள் எங்கே போனார்கள் என்று ஆசிரியரைக் கேட்டேன் என்று எழுதியிருந்தாள். புவியியலுக்கு, கடல் தாண்டி இருக்கிற நீ வந்தாய், அக்கா எழும்போது எனக்கு மாலை என்று. உயிரியலுக்கு அம்மா, அவள் நெற்றி வியர்வை உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு எங்கே போகிறது என்று. கடைசிப் பக்கத்தில் நான் வந்தேன், ஒரே ஒரு வரி. எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசிக்க அப்பா கற்றுக்கொடுத்தார்.

மூன்று வருடமாகச் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவன், அந்தச் சான்றிதழ் அலமாரியில் இன்னும் மங்காமல் இருக்கிறது. வெப்பம் கடத்தும் மூன்று வழிகளையும் படம் போட்டு, வண்ணம் தீட்டி, இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அவன் பத்தாம் வகுப்பையே மூன்று தடவை எழுதியும் தாண்டாதவன், அவனுக்காக நான் பாடம் எழுதிக் கொடுத்த நோட்டுகளில் காற்றாடி செய்தவன். அவனுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு வரி. நீயே சொல், எந்த அப்பனுக்கு வலிக்காது.

அதனால் நான் ஒன்று செய்தேன். அச்சகத்தில் வேண்டாத பகுதியை என்ன செய்வோமோ அதையே செய்தேன். பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் நீக்கு என்பதற்கான சுழி. எதிர்ப்பக்கத்தில் வெப்பத்தைப் பற்றி நானே சுத்தமாக ஒரு பத்தி எழுதி, இதைச் சேர் என்று அம்புக்குறி போட்டேன். ஏன் என்று அவள் கேட்பாள், பதில் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. நோட்டைப் புரட்டினாள், அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள், சரிப்பா என்றாள். புரூஃபில் போட்ட குறியை எதிர்த்துக் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலேயே உங்கள் இருவருக்கும் பழக்கியவன் நான்தானே. புது நோட்டில் நான் சொன்னபடியே எழுதிக்கொண்டு போனாள்.

வாசிக்கும் நாளன்று கடையைச் சாத்திவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உன் சித்தப்பன் இரண்டாம் வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். நகத்தில் மட்டும் கிரீஸ். அவள் மேடையேறி வாசித்தாள். இயற்பியல் வந்தது, என் பத்தி அவள் குரலில் வந்தது, ஒரு பிழை இல்லை, ஒரு உயிரும் இல்லை. அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று அவள் ஒவ்வொரு பாடத்திலும் கேட்டபோது, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சபையில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆசிரியை எழுந்து, அப்படியே புத்தகத்துல இருக்கிற மாதிரியே சொன்னா என்று பாராட்டினாள். எல்லோருக்கும் முந்திக் கைதட்டியது உன் சித்தப்பன்தான். என் பக்கம் குனிந்து, அப்படியே உங்கள மாதிரியே பேசுதுண்ணே புள்ள என்றான். நான் கேட்டு வாங்கியது அதுதான், ஆனால் வாயில் வைக்க முடியவில்லை.

அதன் பிறகு சின்னவள் எதையும் என் மேசைக்குக் கொண்டுவருவதில்லை. கோபம் கிடையாது, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாள், செருப்பை எடுத்து வைக்கிறாள். நோட்டு மட்டும் வருவதில்லை. மதிப்பெண் அட்டையில்கூட அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இதற்கிடையில் பள்ளி ஆண்டு மலரில் அவள் கட்டுரையைப் போடுகிறார்கள், திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். பழைய நோட்டைத் தேடினேன். இருந்தது, அந்தப் பக்கம் மட்டும் இல்லை, அளவுகோல் வைத்து அழகாகக் கிழித்திருந்தாள். எங்கே போயிற்று என்று, அவள் பாஷையில் சொன்னால், நானும் தேடினேன். உன் அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, கடைச் சுவத்துல ஒட்டியிருக்கு, ஊரே பாத்தாச்சு, நீங்கதான் பாக்கி என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். அவன் கடைக்குள் நான் கால் வைத்து ஆறு வருடம் இருக்கும். கேஸ் சிலிண்டருக்கு மேலே, அழுத்தம் பார்க்கிற மீட்டருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தான். என் சிவப்புக் கோடு குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஏண்டா இதை ஒட்டியிருக்கே என்று கேட்டேன். அவன் கம்ப்ரஸருக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, பாப்பா வேண்டாம்னு வச்சிருந்துச்சு, நான்தான் கேட்டு வாங்கினேன் அண்ணே, என்னைப் பத்தி யாரு எழுதியிருக்கா, அதுவும் உங்க கையெழுத்தோட என்றான். ஓரத்துச் சுழியைக் காட்டினான். அதை என் சுருக்கொப்பம் என்று நினைத்திருக்கிறான். நான் பார்த்துச் சரி சொல்லிய பக்கம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறான். அன்னைக்கு மேடையில நேரம் பத்தல போல, அதான் இத வாசிக்கல என்று அவளுக்காகச் சமாதானமும் சொன்னான்.

உறையிலிருந்து தாளை உருவச் சொல்லி, ஒரு ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தேன். அடித்தது தவறு, உள்ளபடியே இருக்கட்டும் என்பதற்கு நாங்கள் போடும் குறி அது, உனக்கும் தெரியும். புள்ளி வைக்கும்போதும் என் மனம் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. இது என்ன அண்ணே என்றான். சரி என்று அர்த்தம் என்றேன். முன்னாடி போட்டது மட்டும் என்ன என்று கேட்டுவிடுவானோ என்று பார்த்தேன், கேட்கவில்லை. பாதியில் சின்னவள் வந்துவிட்டாள். நேராக ஒரு முக்காலியை இழுத்தாள், அவள் உயரத்துக்கென்றே அவன் இரும்பில் பற்றவைத்துக் கொடுத்ததாம். தாளைப் பார்த்தாள். புள்ளி முழுப் பக்கத்துக்குமாப்பா, பாதிக்கா என்று கேட்டாள். முழுசுக்கும் என்றேன். பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்து ஆண்டு மலருக்கு அங்கேயே எழுத ஆரம்பித்தாள், முடித்ததும் என் பக்கம் நகர்த்தினாள். பிழை பார்த்தேன். இரண்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் என் வரி அதே ஒரு வரியாகத்தான் இருந்தது, அதைத் தொடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நாற்காலியில் கூன் போட்டு உட்காராதே, வலி திரும்பி வரும். நல்ல பெயரோடு, நிறைந்த மனதோடு, எங்களைவிட ஒரு படி மேலாக இரு. மலர் அச்சாகி வந்ததும் உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன், நான்தான் அனுப்புவேன், அவன் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மறக்காமல் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை முதலில் வீட்டுக்குப் பேசு, கடைக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வரி அப்பா