உன் எலிகளும் என் எலிகளும்

இன்று காலை ஆய்வகத்தில் எலி அறைக் கதவைத் திறந்ததும் புது மரத்தூள் வாடை. அந்த வாடை வந்தாலே எனக்கு உன் ஞாபகம்தான். மாலை கொமுட்டர் ரயிலில் உன் தலைமுடியிலிருந்து அது வீசும், பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல நகர்வார்கள். "பாத்தியா, சீட்டு கெடச்சிருச்சி, உக்காருலா," என்பாய்.

புற்றுநோய் மருந்து ஆய்வோடு மல்லுக்கட்டிய உன்னை டெங்கிக் காய்ச்சல் கொண்டுபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன் ஆய்வை இன்னொருவர் மறுபடி செய்து சரிபார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வேறு யார் கைக்கும் அது போகக்கூடாது என்று நானே வாங்கிக்கொண்டேன்.

உன் தரவு முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் நீ சொன்ன முடிவேதான் வருகிறது, கட்டி சுருங்குகிறது. ஆனால் அதே மருந்தை, அதே அளவில், அதே வகை எலிகளுக்கு நான் போட்டால் சுருங்கவில்லை. நீ எண்ணை மாற்றுகிற ஆள் இல்லை. நானும் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு என்னதான் நடந்தது? எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அப்புறம்தான் நினைவு வந்தது. கூண்டுகளை லிஃப்டில் மேலே கொண்டுவந்ததும் நீ ஊசியைத் தொடமாட்டாய், காப்பி குடிக்கப் போய்விடுவாய். "பயந்து போயிருக்குடி, கொஞ்சம் அடங்கட்டும். கொமுட்டர்ல நசுங்கி வந்த ஒடனே நாம மட்டும் வேல செய்றோமா?" அதையெல்லாம் தரவில் யார் எழுதுவார்கள்? நானும் காப்பி குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை செய்தேன். சில எலிகளுக்குச் சுருங்கியது, சிலவற்றுக்கு இல்லை. முன்பாவது ஒரே குழப்பம்தான் இருந்தது.

"அவ பேரு கெட்டுரும்லா, இத வெளிய போடாம விட்டுருவோமே," என்றார் நம் பாஸ். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உன் அம்மா உன் ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். போன ஞாயிறு சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "அவ வேலைய நீதான் செய்றியாம்மா? சரியா வருதா?"

"நடக்குது ஆன்டி," என்றேன்.

இன்று எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டேன், சுருங்காததையும் சேர்த்து. உன்னை நான் நம்புகிறேன். என் எலிகளையும் நம்புகிறேன்டி. இரண்டையும் வைத்துக்கொண்டு இந்த ஞாயிறு உன் அம்மா முன்னால் எப்படிச் சாப்பிட உட்காருவது என்றுதான் தெரியவில்லை.